ஐப்பசி, கார்த்திகையில் நீலகிரிக்கு உறவினர் வந்தால்

ஆயுதபூஜை விடுமுறையில் தொடங்கி கார்த்திகை தீபம் வரை நீலகிரியில் வீடு உள்ளவர்களுக்குக் கீழேயிருந்து போன் வந்துகொண்டே இருக்கும். "அங்க மழையா? நாங்க வரலாமா?" என்று சென்னையிலிருந்து அத்தை கேட்பார், மதுரையிலிருந்து சித்தப்பா கேட்பார். தாராளமாக வரச் சொல்லுங்கள். ஆனால் மே மாத ஊட்டியை மனதில் வைத்துக்கொண்டு வர வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இந்த இரண்டு மாதங்களில் மலையில் நமக்குக் கிடைப்பது அரைப் பகல்தான். பொழுது விடிந்ததிலிருந்து பதினொன்றரை, பன்னிரண்டு வரை பெரும்பாலும் வானம் தெளிவாக இருக்கும். அதன் பிறகு மேகம் ஏறும். இரண்டு மணிக்குள் மழையோ மூடுபனியோ இறங்கிவிடும். எல்லா நாளும் இப்படியே நடக்காது என்றாலும், திட்டம் போடுகிறவர் இப்படித்தான் நடக்கும் என்று வைத்துக்கொண்டே போட வேண்டும். ஒரு நாளைக்கு ஒரே இடம், அதுவும் மதியத்துக்கு முன்னால். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாக்கி எல்லாம் வழிக்கு வரும்.

எந்த வாரம் வரச் சொல்வது?

நீலகிரி முழுக்க ஒரே மாதிரி மழை பெய்வதில்லை. ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கம் அடித்துப் பெய்யும். அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமழைக்குக் குன்னூரும் கோத்தகிரியும்தான் முதலில் நனையும். கிழக்குச் சரிவு மேகத்துக்கு நேர் எதிரே நிற்பதுதான் காரணம். அதனால் குன்னூரில் குடை பிடித்து நிற்கிற அதே நேரத்தில் பைக்காரா பக்கம் வெயில் அடிப்பதும் உண்டு. காலையில் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்ய இது தெரிந்திருக்க வேண்டும்.

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை ஊட்டியில் இரண்டாம் சீசன். தாவரவியல் பூங்காவில் பூந்தொட்டிகளை அடுக்கி வைத்திருப்பார்கள், மழையும் அளவாகத்தான் இருக்கும். முதியவர்களும் கைக்குழந்தையும் வருவதானால் இந்த வாரங்களே நல்லது. அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முடிய மலை பச்சைப் பசேல் என்று இருக்கும், அருவியெல்லாம் நிறைந்து ஓடும். ஆனால் மண்சரிவு அபாயமும் அப்போதுதான் அதிகம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதையும், குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் சரிந்ததையும், உயிர்கள் போனதையும் இங்குள்ளவர்கள் மறக்கவில்லை. நவம்பரில் வருகிறவர்களிடம், திரும்பும் தேதிக்குப் பிறகு ஒரு நாள் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுநாள் காலை வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்று ஞாயிறு மாலை மழையில் மலை இறங்குவதைவிட ஆபத்தான திட்டம் வேறில்லை.

தீபாவளி, ஆயுதபூஜைத் தொடர் விடுமுறைகளில் பர்லியாரிலிருந்து குன்னூர் வரை வண்டி நகராது. அந்த நாள்களில்தான் லீவு கிடைக்கும் என்றால் விடுமுறைக்கு முந்தைய நாள் மதியத்துக்குள் மேலே வந்துவிடச் சொல்லுங்கள். முடிந்தவரை செவ்வாய், புதன், வியாழனில் வெளியே கூட்டிப் போங்கள். சனி, ஞாயிறை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும் முன் அவர்களிடம் சொல்ல வேண்டியவை

முதலில் இ-பாஸ். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் ஊட்டி, கொடைக்கானல் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இது நடைமுறையில் இருக்கிறது. வண்டிக்கு ஒன்று எடுக்க வேண்டும். வண்டி எண், வரும் தேதி, திரும்பும் தேதி, தங்கும் இடம் ஆகியவற்றைக் கேட்கும். இரண்டு கார்களில் வந்தால் இரண்டு பாஸ். அரசுப் பேருந்தில் வருபவர்களுக்குத் தேவையில்லை, நீலகிரிப் பதிவான டிஎன் 43 வண்டிகளுக்கும் தேவையில்லை. கல்லாறிலோ குஞ்சப்பனையிலோ சோதனைச்சாவடியில் நின்றுகொண்டு பதிவு செய்யலாம் என்று நினைத்தால் அங்கே சிக்னலும் சரியாக இருக்காது, பின்னால் வரிசையும் நிற்கும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே எடுத்து, க்யூஆர் குறியீட்டை ஸ்க்ரீன்ஷாட்டாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அடுத்தது பிளாஸ்டிக். ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில், கேரி பேக், பிளாஸ்டிக் தட்டு, டம்ளர் எதுவும் நீலகிரிக்குள் கூடாது. சோதனையில் சிக்கினால் அபராதம். ஆளுக்கொரு எவர்சில்வர் பாட்டில் கொண்டு வந்தால் போதும். ஊருக்குள் பல இடங்களில் தண்ணீர் ஏடிஎம் இருக்கிறது.

துணி விஷயத்தில் "ஸ்வெட்டர் கொண்டு வாங்க" என்று மட்டும் சொன்னால் எல்லோரும் தடியாக ஒரே ஒரு ஸ்வெட்டரை எடுத்து வருவார்கள். அது நனைந்தால் மாற்றுத் துணி இருக்காது. மெல்லியதாக இரண்டு சூடான மேலாடை, அவற்றுக்கு மேல் போட மழைக்கோட்டு, காது மூடும் குல்லா அல்லது மப்ளர், சாக்ஸ் ஆளுக்கு நாளைக்கு ஒன்று வீதம், அதற்கு மேல் இரண்டு ஜோடி. ஜீன்ஸ் வேண்டாம். ஐப்பசியில் இங்கே ஜீன்ஸ் காய மூன்று நாள் ஆகும். செருப்பு மட்டும் போட்டு வருகிறவர்கள்தான் முதல் நாளே குளிர் என்று வீட்டுக்குள் உட்கார்ந்துவிடுவார்கள். கால் சூடாக இருந்தால் பாதிக் குளிர் தெரியாது.

மருந்துகளையும் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மாத்திரைகள் தங்கும் நாள்களுக்கு மேல் மூன்று நாளுக்குக் கூடுதலாக இருக்க வேண்டும். சாலை அடைபட்டால் உதவும். இழுப்பு உள்ளவர்கள் இன்ஹேலரைப் பெட்டியில் அடைக்காமல் கைப்பையில் வைக்கட்டும். ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நல்ல உடல்நிலை உள்ளவருக்கும் முதல் நாள் மேடு ஏறினால் மூச்சு வாங்கும். இதய நோய் உள்ளவர்கள் புறப்படும் முன்பே தங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வருவது நல்லது.

மலையேறும் வழி

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டி வரை ஏறத்தாழ 50 கிலோமீட்டர். கோத்தகிரி வழி தூரம் சற்று அதிகம் என்றாலும் போக்குவரத்து குறைவு. வாந்தி வரும் குழந்தைகளுக்கு மாத்திரை கொடுப்பதானால் டாக்டர் சொன்ன அளவில், மேட்டுப்பாளையம் வருவதற்கு அரை மணி நேரம் முன்னாலேயே கொடுத்துவிட வேண்டும். முதல் வளைவு வந்து முகம் வெளுத்த பிறகு கொடுத்தால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். காலியான வயிறும் ஆகாது, பூரி கிழங்கு தின்ற வயிறும் ஆகாது. இரண்டு இட்லி போதும். போனைப் பார்க்க விடாமல், ஜன்னலை இரண்டு விரல் அளவு திறந்து, தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பேருந்தில் வந்தால் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கையைத் தவிர்த்து முன்பாதியில் உட்காரட்டும்.

சமவெளியில் மட்டும் ஓட்டிப் பழகியவருக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் சிக்கல். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர், பெரும்பாலும் இரண்டாவது. பிரேக்கிலேயே காலை வைத்துக்கொண்டு இறங்கினால் பேட் சூடாகும், பிரேக் ஆயில் கொதிக்கும், பிறகு மிதித்தாலும் பிடிக்காது. கருகிய வாசனை வந்த உடனே அகலமான இடத்தில் ஓரம் கட்டி, அரை மணி நேரம் ஆற விட வேண்டும். தண்ணீர் ஊற்றக் கூடாது, டிஸ்க் வளைந்துவிடும். நியூட்ரலில் இறக்குவது பெட்ரோலை மிச்சப்படுத்துகிற வேலையல்ல, உயிரோடு விளையாடுகிற வேலை. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் மோடில் போட வேண்டும். கொண்டை ஊசி வளைவில் ஏறி வருகிற வண்டிக்கு வழி விட வேண்டும். மூடுபனியில் ஹை பீம் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு நம் கண்ணுக்கே திரும்பும். டிம் லைட், ஃபாக் லைட் மட்டும் போட்டு, சாலையின் இடது ஓர வெள்ளைக்கோட்டைப் பிடித்துப் போகச் சொல்லுங்கள்.

முதுமலை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் கூகுள் மேப் காட்டுகிறதே என்று கல்லட்டி வழியாக இறங்கப் பார்ப்பார்கள். 36 கொண்டை ஊசி வளைவுகளும் செங்குத்தான இறக்கமும் உள்ள பாதை அது. விபத்துகளுக்குப் பிறகு வெளியூர் வண்டிகளை அந்தப் பக்கம் இறங்க விடுவதில்லை. கூடலூர் சுற்றிப் போவதுதான் வழி.

மலை ரயிலைப் பற்றிக் கேட்காத விருந்தாளி இல்லை. காலை 7.10க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பும் ரயிலுக்கு முன்பதிவு 60 நாள் முன்னால் திறக்கும், திறந்ததும் தீர்ந்துவிடும். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் பல்சக்கரத்தில் ஏறும் பகுதிதான் அதன் பெருமை. ஐப்பசி, கார்த்திகை மழையில் பாறையும் மரமும் விழுந்து முதலில் நிறுத்தப்படுவதும் அதே பகுதிதான். அதனால் இந்தப் பருவத்தில் மலையேறுவதற்கு ரயிலை மட்டும் நம்ப வேண்டாம். மேலே வந்த பிறகு, குன்னூரிலிருந்து ஊட்டிக்குப் போகும் ரயிலில் ஏற்றிவிடுங்கள். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலான பயணம். கேத்திப் பள்ளத்தாக்கு முழுதும் கண்ணுக்கு நேரே விரியும். யாராவது ஒருவர் காரை எடுத்துக்கொண்டு ஊட்டி ஸ்டேஷனில் போய் நின்றால் பாட்டியும் நடக்க வேண்டியதில்லை, திரும்பி வரவும் கவலையில்லை.

வீட்டைத் தயார் செய்வது

கம்பளியில்தான் தொடங்க வேண்டும். மாதக்கணக்கில் அலமாரியில் இருந்த கம்பளி பார்க்க உலர்ந்ததுபோல இருந்தாலும் ஈரம் ஏறியிருக்கும். ஈரக் கம்பளி எத்தனை போர்த்தினாலும் சூடு தராது, மறுநாள் தும்மலைத்தான் தரும். விருந்தாளிகள் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்னதாக, வெயில் வரும் காலை வேளையில் பத்து மணி முதல் பன்னிரண்டு வரை விரித்துப் போட்டு, பனி ஏறும் முன் உள்ளே எடுத்துவிடுங்கள். ஆளுக்கு இரண்டு கம்பளி. மெத்தைக்குக் கீழே ஒன்று விரிப்பதைவிட மெத்தைக்கு மேல், படுக்கை விரிப்புக்கு அடியில் ஒன்று விரித்தால் கீழிருந்து ஏறும் குளிர் நிற்கும். முதியவர்களுக்கு ரப்பர் வெந்நீர்ப் பை கொடுக்கலாம். கொதிக்கிற நீரை ஊற்றாமல், முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், காற்றை அழுத்தி வெளியேற்றி, துண்டில் சுற்றிக் கொடுங்கள். சர்க்கரை நோயால் காலில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு மட்டும் வேண்டாம். சுட்டாலும் அவர்களுக்குத் தெரியாது.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குளிர் என்று கரி அடுப்பையோ பார்பிக்யூ கரியையோ படுக்கையறைக்குள் வைக்க யாரையும் விடாதீர்கள். மூடிய அறையில் கரி எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு வாசனை இல்லை, நெஞ்சு கரிக்காது, தூக்கத்திலேயே ஆள் போய்விடுவார். தணிந்த கங்கும் அதே அளவு ஆபத்து. இந்த மலைகளில் இப்படி உயிரிழந்த சுற்றுலாப் பயணிகள் உண்டு. புகைபோக்கி உள்ள கணப்பு இருந்தால் எரிக்கலாம், படுக்கப் போகும் முன் முழுவதும் அணைத்துவிட வேண்டும்.

வெந்நீருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 15 லிட்டர், 2 கிலோவாட் கெய்சரில் இங்குள்ள 15 டிகிரித் தண்ணீர் 60 டிகிரிக்கு வர 25 நிமிடம் ஆகும். அதில் குளிர்ந்த நீர் கலந்தால் குளிக்கிற சூட்டில் சுமார் 27 லிட்டர், அதாவது ஒன்றரை வாளி கிடைக்கும். எட்டுப் பேர் ஆளுக்கொரு வாளி குளிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எல்லோரும் காலையில் குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்றால் பத்தரைக்குத்தான் வாசல் தாண்டுவீர்கள், அரைப் பகலில் பாதி குளியலறையிலேயே போயிருக்கும். குழந்தைகளும் இளைஞர்களும் முந்தைய நாள் மாலையில் குளிக்கட்டும், பெரியவர்கள் மட்டும் காலையில். இதை வந்த அன்றே சொல்லிவிட்டால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. மழையில் மின்சாரம் போவது இங்கே வழக்கம் என்பதால் பெரிய தவலை ஒன்றும், மாற்று சிலிண்டரும், சார்ஜ் ஏற்றிய எமர்ஜென்சி விளக்கு இரண்டும் தயாராக இருக்கட்டும்.

சமையலறை

குளிரில் எல்லோருக்கும் பசி எடுக்கும். சமவெளியில் எட்டுப் பேருக்கு முக்கால் கிலோ அரிசி போதுமென்றால் இங்கே ஒரு கிலோ போடுங்கள். நாளைக்கு நான்கு முறை டீ, காபி என்று வைத்தால் அதற்கே இரண்டு லிட்டர் பால், தயிருக்கும் குழந்தைகளுக்கும் இன்னொரு லிட்டர்.

ஊட்டி உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு எவ்வளவு நேரம் கொதித்தாலும் கரையாததற்கு இதுதான் காரணம். குக்கருக்குள்ளும் சமவெளியைவிடச் சூடு சற்றுக் குறைவுதான். துவரம் பருப்பை அரை மணி நேரம் ஊற வைத்து, வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட்டி வையுங்கள். கீழேயிருந்து வந்த அண்ணி ஆசையாகச் சமைக்க வந்து, "எங்க ஊர்ல மூணு விசில்தான்" என்று இறக்கிவிட்டால் சாம்பாரில் பருப்பு தனியே நிற்கும். முன்கூட்டிச் சொல்லி வைப்பது நல்லது.

பெரிய தொல்லை இட்லி மாவு. சமவெளியில் எட்டு மணி நேரத்தில் பொங்குகிற மாவு இங்கே சும்மா மேடையில் வைத்தால் ஒரு நாள் முழுக்க அசையாது. நான்குக்கு ஒன்று என்று அரிசி, உளுந்து. கூடவே ஒரு டீஸ்பூன் வெந்தயம். அரைக்கும்போது ஐஸ் போன்ற குழாய்த் தண்ணீரை விடாமல் வெதுவெதுப்பான தண்ணீர் விட வேண்டும். உப்பு போட்டுக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பாத்திரத்தில் பாதிக்கு மேல் ஊற்றாதீர்கள். பெரிய அண்டாவில் கை பொறுக்கிற சூட்டில், 40 டிகிரி அளவில், வெந்நீர் ஊற்றி மாவுப் பாத்திரத்தை அதற்குள் இறக்கி, மேலே தட்டு மூடி, பழைய கம்பளியால் சுற்றிவிடுங்கள். படுக்கப் போகும் முன் அந்த நீரை ஒரு முறை மாற்றுங்கள். பன்னிரண்டு, பதினான்கு மணி நேரத்தில் மாவு மேலே வந்து, ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழிகள் தெரியும், கரண்டி விட்டால் பஞ்சு போல விலகும். சீக்கிரம் பொங்கட்டும் என்று கொதிநீரில் இறக்கினால் புளிக்க வைக்கிற நுண்ணுயிரே செத்துவிடும், இட்லி தட்டையாகக் கல் மாதிரி வரும். அடுப்புப் பக்கத்தில் வைத்தால் ஒரு பக்கம் வெந்து மறுபக்கம் பச்சையாக இருக்கும். வெள்ளிக்கிழமை விருந்தாளி வருகிறார்கள் என்றால் புதன்கிழமை அரைத்துவிடுங்கள். பொங்கிய மாவை இந்தக் குளிரில் ஃப்ரிட்ஜுக்கு வெளியிலேயே ஒரு நாள் வைக்கலாம். தயிருக்கும் இதே சங்கதிதான். பாலை 45 டிகிரி வரை சூடாகவே வைத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி உறை ஊற்றி, ஹாட்பேக்கில் மூடுங்கள்.

காய்கறிக்குக் குறைவில்லை. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ், பீன்ஸ், பச்சைப் பட்டாணி எல்லாம் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வருபவை. மரத்தக்காளிச் சட்னி ஒரு நாள் செய்து போடுங்கள், கீழே கிடைக்காத ருசி.

வெளியே போகும் நாள்

வந்த அன்று எங்கும் கூட்டிப் போகாதீர்கள். பிள்ளைகள் நச்சரித்தாலும் வீட்டைச் சுற்றி நடப்பது போதும். நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லுங்கள். குளிரில் தாகம் தெரியாமல் தண்ணீரை விட்டுவிடுவதால்தான் பாதிப் பேருக்குத் தலைவலி வருகிறது.

அடுத்த நாள் ஏழரைக்குக் கிளம்பினால் நல்லது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் தங்கியிருப்பவர்களுக்குக் கோடநாடு காட்சிமுனையைத்தான் முதலில் பரிந்துரைப்போம். கோத்தகிரியிலிருந்து ஏறத்தாழ 18 கிலோமீட்டர், வழியெல்லாம் தேயிலை. வண்டியை விட்டு இறங்கிச் சற்று நடந்தாலே காட்சி கிடைக்கும், முழங்கால் வலிக்காரர்களுக்கும் முடியும். கீழே மாயாறு ஓடும் பள்ளத்தாக்கும், தெங்குமரஹடாவும், தூரத்தில் ரங்கசாமி சிகரமும் தெரியும். போய் நின்றபோது வெள்ளை மூடுபனி மட்டுமே தெரிந்தால் உடனே திரும்பிவிட வேண்டாம். காலை மேகம் பள்ளத்தில் தேங்கியிருந்து, வெயில் ஏற ஏற எழும்பிக் கலையும். ஒன்பதரை, பத்து மணிக்குத் திரை விலகுகிற அந்தப் பத்து நிமிடத்துக்காக அரை மணி நேரம் காத்திருக்கலாம். பிற்பகலில் வருகிற மூடுபனி அப்படியல்ல, வந்தால் இருட்டும் வரை போகாது.

குன்னூரில் லேம்ப்ஸ் ராக்கும் டால்பின் நோஸும் ஒரே சாலையில் இருக்கின்றன. லேம்ப்ஸ் ராக்கில் கொஞ்சம் படி ஏற வேண்டும், ஈரப் பாறை வழுக்கும். டால்பின் நோஸில் எதிரே கேத்தரின் அருவி விழுவது தெரியும், அதில் தண்ணீர் நிறைந்திருப்பது இந்த மாதங்களில்தான். சாலை குறுகல் என்பதால் ஒன்பது மணிக்கு முன் போய்விட்டால் எதிர் வண்டிக்குப் பின்னால் எடுக்கிற வேலை இருக்காது. 1874இல் உருவான சிம்ஸ் பூங்கா அழகுதான், ஆனால் அது முழுவதும் சரிவு. இறங்கும்போது சுகமாக இருக்கும், திரும்ப ஏறும்போதுதான் மாமா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். முதியவர்களை மேல் தளத்திலேயே பெஞ்சில் அமர்த்திவிடுங்கள். ஊட்டித் தாவரவியல் பூங்காவில் கீழ்ப்பகுதிப் புல்வெளியும் கண்ணாடி மாளிகையும் சமதரை, ஒரு மணி நேரம் போதும். தொட்டபெட்டா 2,637 மீட்டர் உயரம், காற்று காதைப் பிய்க்கும். வானம் சுத்தமாக இருக்கிற காலையில் மட்டும் போங்கள், மேகம் மூடியிருந்தால் அங்கே பார்க்க எதுவும் இல்லை. அவலாஞ்சிக்கு வனத்துறை வண்டியில்தான் உள்ளே போக முடியும், மழை கூடினால் மூடிவிடுவார்கள்.

"குறிஞ்சி பூத்திருக்கா?" என்ற கேள்வியும் வரும். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மலைச்சரிவே நீலமாகும் அந்தப் பூப்பு 2018இல் வந்தது, அடுத்தது 2030. இடையில் வேறு குறிஞ்சி வகைகள் அங்கங்கே பூப்பது உண்டு. அவற்றைப் பறிக்கவும் மிதிக்கவும் விடாதீர்கள். விதை விழுந்தால்தான் அடுத்த தலைமுறைச் செடி.

நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் ஊர்களை மந்து என்பார்கள். அவை மக்கள் குடியிருக்கும் இடங்கள், வேடிக்கை பார்க்கும் இடங்கள் அல்ல. அழைப்பில்லாமல் நுழைவதும், கேட்காமல் படம் எடுப்பதும், அவர்களுடைய கோயிலை நெருங்குவதும் கூடாது. அவர்கள் கைவேலையைப் பார்க்க விரும்பினால் புவிசார் குறியீடு பெற்ற தோடர் பூத்தையல் சால்வையை உரிய விலை கொடுத்து வாங்கலாம்.

கையில் எடுத்துப் போகும் சாப்பாட்டில் தயிர் சாதம் வேண்டாம், இந்தக் குளிரில் அது தொண்டையில் இறங்காது. ஹாட்பேக்கில் புளியோதரை, சப்பாத்தி, கேரட் பொரியல், நான்கு பேருக்கு ஒரு லிட்டர் வீதம் ஃப்ளாஸ்கில் வெந்நீர். காட்சிமுனையில் குரங்கு முன் பொட்டலத்தைப் பிரித்தால் குழந்தையின் கையிலிருந்தே பிடுங்கும், எனவே வண்டிக்குள் கதவை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள். குப்பை மொத்தமும் வீட்டுக்குத் திரும்பி வர வேண்டும். கழிப்பறை வசதி வழியில் அரிது. வீட்டில் ஒரு முறை, ஊருக்குள் நல்ல உணவகத்தில் ஒரு முறை என்று நேரத்தைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டு வீட்டுப் பெண்கள் தண்ணீரே குடிக்காமல் சுற்றுவதை நீங்கள்தான் தடுக்க வேண்டும்.

சோலைக்காட்டுப் பக்கம் போனால் அட்டை ஏறும். பேன்டை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிடுங்கி இழுக்காமல் விரல் நகத்தால் ஓரத்திலிருந்து மெல்லத் தள்ளிவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கொஞ்ச நேரம் ரத்தம் கசியும், பயப்பட ஒன்றுமில்லை.

பயப்பட வேண்டியது காட்டெருமைக்கு. குன்னூர், கோத்தகிரித் தேயிலைத் தோட்டங்களில் அது சாதாரணமாக மேய்வதைப் பார்த்து, பழகிய மாடு என்று நினைத்து செல்ஃபி எடுக்கப் போவார்கள். தனியாக நிற்கிற கிடா எந்த நேரமும் முட்ட வரும். வண்டியில் இருந்தால் ஹாரன் அடிக்காமல் நின்று, அது போகட்டும் என்று விடுங்கள். நடந்து போகும்போது கண்டால் வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். விடிவதற்கு முன்னும் மாலை ஆறு மணிக்குப் பின்னும் தேயிலைக்குள் நடைப்பயிற்சி யாருக்கும் வேண்டாம். மீந்த சாப்பாட்டையும் எண்ணெய்ப் பாத்திரத்தையும் இரவில் வெளியே வைக்காதீர்கள், வாசனைக்குக் கரடி வரும்.

மழை பிடித்துக்கொண்டால்

வானிலை மையத்தின் எச்சரிக்கையை இரவு படுக்கும் முன் பாருங்கள். மஞ்சள் என்றால் பக்கத்தில் மட்டும் போகலாம். ஆரஞ்சு என்றால் வீட்டிலேயே இருங்கள். சிவப்பு என்றால் 20 சென்டிமீட்டருக்கு மேல் மழை எதிர்பார்க்கிறார்கள் என்று பொருள், சுற்றுலாத் தலங்களும் மூடப்படும். இரண்டு நாள் விடாமல் பெய்து மூன்றாம் நாள் வெயில் வந்தாலும் மலைப்பாதை உடனே பத்திரமாகிவிடாது. மண் குடித்த நீர் உள்ளேயே இருக்கும், சரிவு பெரும்பாலும் அப்போதுதான் நடக்கும். தடுப்புச்சுவர் புடைத்திருந்தாலோ சாலையில் புதிதாகச் சேற்று நீர் ஓடினாலோ அந்த வழி வேண்டாம். கற்பூர மரம் (யூகலிப்டஸ்), சில்வர் ஓக் மரங்களின் கீழ் வண்டி நிறுத்தாதீர்கள். மாவட்ட அவசர உதவிக்கு 1077, ஆம்புலன்சுக்கு 108. குன்னூரில் அரசு லாலி மருத்துவமனையும் ஊட்டியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. வீட்டிலிருந்து எது பக்கம், இரவில் எந்த வழி என்பதை விருந்தாளிகளில் வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவருக்காவது காட்டி வையுங்கள்.

வீட்டோடு இருக்கும் நாளுக்குப் பல்லாங்குழியும் தாயக்கட்டையும், சூடாக வாழைக்காய் பஜ்ஜியும் போதும். நனைந்த ஷூவுக்குள் செய்தித்தாளைச் சுருட்டித் திணித்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றினால் மறுநாள் காலைக்குள் காய்ந்துவிடும். அடுப்பருகே வைத்தால் ஒட்டு விட்டுப்போகும்.

திரும்பும் நாள்

காலை எட்டு, ஒன்பது மணிக்குள் இறங்கத் தொடங்கட்டும். மதிய மழைக்கு முன் மேட்டுப்பாளையத்தைத் தொட்டுவிடலாம். ஊட்டி வர்க்கி வாங்கித் தருவதானால் கிளம்பும் நாளிலோ முந்தைய மாலையிலோ வாங்குங்கள். இந்த ஈரக் காற்றில் காகிதப் பையில் ஒரே இரவில் நமத்துவிடும். இறுக்கமான மூடி உள்ள டின்னில் போட்டுக் கொடுத்தால் ஒரு வாரத்துக்கு மேல் மொறுமொறுப்பாக இருக்கும். சாக்லேட்டைக் காரின் டேஷ்போர்டிலோ பின்கண்ணாடி ஓரத்திலோ வைக்காமல், துணிகளுக்கு நடுவில் பெட்டிக்குள் வைக்கச் சொல்லுங்கள். கல்லாறு தாண்டியதும் வெக்கை தொடங்கிவிடும்.

அவர்கள் போன பிறகு கம்பளிகளை மடித்து உடனே அலமாரியில் வைத்துவிடாதீர்கள். நாலைந்து இரவு போர்த்தியதில் வியர்வையும் ஈரமும் ஏறியிருக்கும். அடுத்து வெயில் வரும் காலையில் இருபுறமும் காயவிட்டு, நடுவில் கற்பூரமோ காய்ந்த வேப்பிலையோ போட்டு எடுத்து வையுங்கள். தை மாத உறைபனிக்கு அடுத்த விருந்தாளிகள் வருவார்கள்.